கிராஃப்ட் பீருக்கு நட்சத்திரம், பனங்கள்ளுக்கு வழக்கு

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்குக்காகப் பெங்களூரு போயிருந்தேன். மாலையில் நண்பர்கள் ஒரு மைக்ரோபுரூவரிக்கு அழைத்துப்போனார்கள். அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றித் தருகிற பீர்க்கடை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய செம்பு, எஃகுத் தொட்டிகள். மேசைக்கு ஒரு மரப்பலகை வந்தது. அதில் ஆறு குட்டிக் கிளாஸ்கள், ஆறு நிறத்தில் ஆறு பீர். ஒவ்வொன்றையும் ஒரு மடக்கு குடித்து, அலைபேசிச் செயலியில் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட வேண்டும். நிறம், நுரை, மணம், வாயில் நிற்கிற கனம், கடைசியில் தங்கும் ருசி என்று தனித்தனியாகக் கேட்கும். என் நண்பர்கள் இதில் தேர்ந்தவர்கள். கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணப்பதாகச் சொன்னார்கள். நானும் முகர்ந்து பார்த்தேன். உண்மைதான், மணந்தது.

ஐந்தாவது கிளாஸ் புளிப்பு பீர். பார்லிச் சாற்றை லாக்டிக் பாக்டீரியாவைக் கொண்டு வேண்டுமென்றே புளிக்கவைத்துச் செய்வது. அந்தக் கடையில் அதுதான் விலை கூடிய சரக்கு. நண்பர் அதற்கு நாலரை நட்சத்திரம் போட்டு, 'துணிச்சலான சுவை' என்று எழுதினார். நான் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டேன். அது என் தாத்தாவின் துண்டில் இருந்த வாடை.

என் தாத்தா பனையேறி. ராமநாதபுரம் மாவட்டம் கடலாடிப் பக்கம், ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு பனைகூடக் கிடையாது. குத்தகைக்குப் பிடித்த மரங்களில் ஏறினார். 1987க்குப் பிறகு கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கினார். சில கலயங்களில் சுண்ணாம்பு தடவாமலும் இறக்கினார். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவர்மேல் மூன்று வழக்குகள் இருந்தன. கடைசி வழக்கில், அதற்கு முதல் நாள் அவர் பனை ஏறவே இல்லை. காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். கணக்குக்கு ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவர் வெகுநாள் யாரோடும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயரோடு 'கள்ளு' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. என் சீருடையில் புளிச்ச வாடை வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இடம் மாறிக்கொண்டாள்.

அதே வாடைக்குத்தான் பெங்களூருவில் நாலரை நட்சத்திரம்.

அன்றிரவு எனக்கு எழுந்த கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன். ருசி நாக்கில் இருக்கிறதா, கிளாஸைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறதா?

முதலில் நாக்கின் கணக்கைப் பார்ப்போம். பனையின் பாளையைச் சீவினால் வடிவது இனிப்பான சாறு. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. கலயத்தின் உள்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காது, பதநீர். பூசாவிட்டால் காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இறங்கி வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, நண்பகலில் இனிப்பும் புளிப்பும், மாலையில் கடுப்பு, மறுநாள் காடி. ஆல்கஹால் நான்கு முதல் ஆறு சதவீதம் வரை ஏறும். ஏறத்தாழ ஒரு பீரின் அளவுதான். டாஸ்மாக் பிராந்தி பாட்டிலில் இருப்பது 42.8 சதவீதம்.

பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரைச் சுற்றி லாம்பிக் என்றொரு பீர் செய்கிறார்கள். அதற்கு ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. காய்ச்சிய சாற்றை இரவு முழுக்கத் திறந்துவைத்து, காற்றில் வருகிற ஈஸ்ட்டுக்கே விட்டுவிடுவார்கள். அந்தப் பழைய கட்டடங்களின் கூரையும் மரப்பீப்பாயும்கூட ருசியில் பங்கு உள்ளவை என்று கருதிப் பாதுகாக்கிறார்கள். உலகெங்கும் கிராஃப்ட் பீர் ரசிகர்கள் அதைத் தேடிப் போய்க் குடிக்கிறார்கள். 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. காற்றில் வருகிற ஈஸ்ட்டை நம்பிப் புளிக்கவைக்கும் அதே வேலையைச் சாயல்குடியில் ஒரு மண்கலயம் செய்தால் அது மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் குற்றம்.

அந்தப் பலகையில் இருந்த இன்னொரு கிளாஸ் 'இந்தியா பேல் ஏல்'. கிராஃப்ட் பீர் உலகத்தின் கொடி என்றே அதைச் சொல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களுக்காக லண்டனிலிருந்து கப்பலேறி வந்த வெளிர்நிறப் பீரின் வழிவந்தது. பெயரில் இந்தியா உண்டு. இந்தியர் குடிப்பதற்காகச் செய்தது இல்லை. இந்த மண்ணின் முதல் நவீன பீர் ஆலையை இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் 1855இல் தொடங்கியவர் எட்வர்ட் டயர். ஜாலியன்வாலாபாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயரின் தந்தை. அந்தப் பீருக்கு இங்கே என்றும் மரியாதை குறைந்ததில்லை. பனைக்கும் தென்னைக்கும் மரவரி போட்டு, கடைகளை ஏலம் விட்டு, 1886இல் மதராஸ் ஆப்காரிச் சட்டம் கொண்டுவந்து கள்ளிலிருந்து வருமானம் கறந்ததும் அதே அரசுதான். இறக்குகிறவனுக்கு மரியாதையையோ உரிமையையோ அது தரவில்லை.

சுதந்திர இந்தியா வேறு வழியில் அதையே செய்தது. 1937இல் ராஜாஜி அரசு சேலத்திலிருந்து மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் வந்தது. அதே 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கை அரசின் குறிக்கோளாக்கும் விதி விவாதத்துக்கு வந்தபோது எதிர்த்துப் பேசியவர் ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா. அரிசிக் கள் ஆதிவாசிகளின் சடங்கிலும் வயல் வேலையிலும் கலந்தது என்று அவர் எடுத்துச் சொன்னார். விதி நிறைவேறி, இன்றைக்கு அரசமைப்பின் 47ஆவது பிரிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, சில ஆண்டுகளில் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 1987 ஜனவரியில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மட்டும் தடை வந்தது. ஆலையில் செய்த பிராந்தியும் விஸ்கியும் பீரும் ஓடிக்கொண்டிருந்தன. 2003இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

ஆக, தமிழ்நாட்டில் மது தடை செய்யப்படவில்லை. ஏழை தன் கையால் இறக்கும் மது தடை செய்யப்பட்டது. முதலாளி ஆலையில் காய்ச்சும் மது அரசாங்க முத்திரையோடு விற்கப்படுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் கூலிகள், பலர் தலித்துகள். டாஸ்மாக் குவார்ட்டருக்குக் காசு இல்லாதவன் எதைக் குடிப்பான் என்பதைப் பற்றி இந்த மதுக்கொள்கைக்கு எந்த யோசனையும் இருந்ததில்லை.

கள்ளின்மேல் உள்ள இழிவு சட்டத்தால் மட்டும் வந்ததா? இல்லை, அது சட்டத்துக்கும் மூத்தது. எங்கள் மாவட்டத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். சேதுபதி மன்னர் தரப்பு வழக்குப் போட்டது. மதுரை நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. அவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று கள். மரம் ஏறுகிறவர்கள், கள் இறக்குகிறவர்கள், ஆகவே தீட்டு. இத்தனைக்கும் வழக்குப் போட்ட தரப்பில் கள் குடிக்காதவர்கள் மட்டுமே இருந்திருப்பார்கள் என்று யாரும் நம்பப் போவதில்லை. குடிப்பவன் தீட்டாகவில்லை, இறக்குபவன் தீட்டானான். பீருக்குப் போடுகிற நட்சத்திரத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கமுதி வழக்கு போதுமானதாக இருக்கிறது.

இதுவரை படித்துவிட்டு, 'அப்படியென்றால் கள்ளுக்கடையைத் திறக்க வேண்டும், அது நம் பாரம்பரிய பானம்' என்று நீங்கள் முடிவுகட்டினால், கொஞ்சம் பொறுங்கள். எனக்கு அந்த முழக்கத்தின் மீதும் சந்தேகம் இருக்கிறது.

கள்ளை எதிர்த்தவர்கள் எல்லோரும் சாதியவாதிகள் இல்லை. கள் இறக்கும் சாதியென்று இழிவுபடுத்தப்பட்ட ஈழவ மக்களிடம், கள்ளை இறக்கக்கூடாது, கொடுக்கக்கூடாது, குடிக்கக்கூடாது என்று சொன்னவர் அந்த மக்களிலிருந்தே எழுந்த நாராயண குரு. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடத்தியவர் பெரியார். அவர் சிறை சென்றபின் அதைத் தொடர்ந்து நடத்தியவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். பின்னாளில் அரசு திணிக்கும் மதுவிலக்கைப் பெரியார் கடுமையாக விமர்சித்தார் என்பது வேறு செய்தி. என் அப்பத்தாவிடம் கள்ளுக்கடை திறக்கலாமா என்று கேட்டால், 'அந்தக் கருமத்தை வாயால சொல்லாத' என்பாள். தாத்தா இறக்கிய கள்ளில் பாதி அவர் வயிற்றுக்கே போனது. அவள் வாங்கிய அடிகளுக்கு எந்தச் செயலியிலும் இடம் இல்லை. குடியின் செலவைக் கட்டுவது எப்போதும் பெண்கள்தான். அவர்களைக் கேட்காமல் எழுதப்படும் கள் ஆதரவுக் கட்டுரை, என்னுடையது உட்பட, அரைகுறைதான்.

அடுத்து, மரம் யாருடையது? கள்ளுக்கு அனுமதி கேட்டு மேற்கு மாவட்டங்களிலிருந்து எழும் குரலில் தென்னந்தோப்பு உரிமையாளர்களின் குரல் பலமாக இருக்கிறது. தேங்காய் விலை வீழ்கிறபோது மரத்தின் சொந்தக்காரருக்குக் கள் ஒரு மாற்று வருமானம். அது நியாயமான கணக்காகவே இருக்கலாம். ஆனால் ஏறுகிறவருக்கு அதில் என்ன பங்கு என்பதை அந்த மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை. அரசியல் தலைவர்கள் பனையேறிக் காட்டுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் சீமான் பனை ஏறிக் கள் இறக்கிய படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு நாள் ஏறுவது போராட்டம். நாற்பது ஆண்டுகள் ஏறுவது பிழைப்பு. பிழைப்பை 'தமிழர் மரபு' என்று பெருமை பேசுகிறவர்கள், அந்த மரபை யார் தலையில் யார் கட்டினார்கள் என்பதையும் பேச வேண்டும்.

ஆய்வுக்காக இரண்டு பருவம் சாயல்குடி, உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் பனங்காடுகளில் அலைந்தேன். மாசியில் தொடங்கி ஆடி வரை வேலை. சில குடும்பங்கள் பருவம் முழுக்கப் பனங்காட்டிலேயே ஓலைக்குடிசை போட்டுத் தங்கிவிடும். ஒரு பெரியவரோடு பல நாள் விடியலில் நடந்திருக்கிறேன். அறுபது வயதைத் தாண்டியவர். நாளுக்கு நாற்பது மரம், காலையிலும் மாலையிலும். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்பும் இருக்கும் பெட்டி. நெஞ்சின் தோல் மரத்தோடு உரசி உரசிக் காய்த்துப்போய்க் கருத்த பலகை போல இருந்தது. அவருடைய தம்பி பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஒன்பது ஆண்டுகள் கிடந்து இறந்தவர். இறக்கிய பதநீரை அவர் மனைவி வாயகன்ற பானையில் ஊற்றிக் காய்ச்சுவார். பத்து லிட்டர் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. நாளெல்லாம் புகை. அந்த அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும்.

'பையன் ஏறுவானா?' என்று ஒருமுறை கேட்டேன். பெரியவர் சிரித்தார். 'அவன் திருப்பூர்ல இருக்கான் தாயி. நான் ஏறுனதே அவன் ஏறக்கூடாதுன்னுதான்.'

இந்த ஒரு வாக்கியத்தை மறந்துவிட்டுக் கள்ளைப் பற்றி யார் எழுதினாலும் அது குலக்கல்வியில்தான் போய் முடியும். 1953இல் ராஜாஜி பிள்ளைகளை அரை நாள் பள்ளிக்கும் மீதி நேரம் அப்பன் தொழிலுக்கும் அனுப்பச் சொன்னார். தமிழ்நாடு அதைத் துரத்தியடித்தது. 'பனையேறும் கலை அழிகிறதே' என்று கவலைப்படுகிற நகரத்து நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தக் கலையை உங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்களா? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். மைக்ரோபுரூவரியில் பீர் காய்ச்சுகிற இளைஞன் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தவன். அதற்குப் படித்தவன், பிடிக்கவில்லை என்றால் நாளை வேறு வேலைக்குப் போவான். அவன் கைவினைஞன். பனையேறி பிறப்பால் அந்த மரத்தோடு கட்டப்பட்டவன். இரண்டும் கைவேலைதான். ஒன்றுக்குப் பக்கத்தில் விருப்பம் என்ற சொல் இருக்கிறது, மற்றதற்குப் பக்கத்தில் சாதி என்ற சொல் இருக்கிறது.

கள்ளுக்கு அனுமதி கிடைத்துவிட்டால் மட்டும் இது மாறிவிடாது. தனுஷ்கோடி முனையில் நின்றால் அந்தப் பக்கம் தலைமன்னார், முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே கள் சட்டப்படியானது. யாழ்ப்பாணத்தில் தவறணைகள் உண்டு. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு, பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். எங்கள் தாத்தாவுக்குக் கிடைக்காத சட்டப் பாதுகாப்பு அங்கே சீவல் தொழிலாளிக்குக் கிடைத்தது. அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் அதே யாழ்ப்பாணத்தில்தான் கள் இறக்கும் நளவர் உள்ளிட்ட பஞ்சமர்கள் கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழைய 1960களின் இறுதியில் ரத்தம் சிந்திப் போராட வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை அந்த ஊர் மறக்கவில்லை. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் எழுதப்பட்ட மண் அது. உரிமம் சாதியை ஒழிக்காது. ஆனால் உரிமம் இல்லாமை போலீஸின் லத்தியைச் சாதியின் கையில் கொடுக்கிறது. இந்த வித்தியாசத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.

பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய குடுவைதான் பட்டை. அதில் பதநீர் குடிக்கும்போது ஓலையின் பச்சை மணமும் சேர்ந்துவரும். இப்போது ராமேசுவரம் சாலையில் காரை நிறுத்திப் பட்டையில் பதநீர் குடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் பட்டை பிடிக்கும். ஆனால் என் அப்பத்தாவுக்குப் பிடிக்காது. அவள் சிறுவயதில் களையெடுக்கப் போன வீட்டில் மற்றவர்களுக்குச் செம்பில் பதநீர் கொடுத்தார்கள், எங்களவர்களுக்குப் பட்டையில் ஊற்றினார்கள். குடித்ததும் எறிந்துவிடலாம், கழுவ வேண்டாம், தொட வேண்டாம். எல்லோருக்கும் பட்டை என்றால் அது சமத்துவம். எங்களுக்கு மட்டும் பட்டை என்றால் அது தீண்டாமை. ஒரே ஓலைதான். மைக்ரோபுரூவரியில் ஒவ்வொரு பீருக்கும் ஒவ்வொரு வடிவத்தில் கிளாஸ் வைத்து, கிளாஸ் மாறினால் ருசி மாறும் என்று விளக்கினார்கள். அது எங்கள் அப்பத்தாவுக்கு முன்பே தெரியும்.

அதனால் நட்சத்திரம் போடுகிற பழக்கத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ருசித்துப் பார்த்து ஒன்றை ஒன்றோடு ஒப்பிடுவது மனிதர்க்குரிய மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி எங்களுக்கும் வேண்டும். ஒரு தலித் பெண் மது அருந்தும் இடத்தில் உட்கார்ந்து இது நன்றாக இருக்கிறது, இது சரியில்லை என்று சொல்வதையே பலரால் இன்னும் தாங்க முடிவதில்லை. நான் சேர்க்கச் சொல்வது இன்னொரு வரிசை நட்சத்திரங்களை. இதைச் செய்தவர் யார், அவர் பெயர் எங்காவது இருக்கிறதா? அவர் இதே இடத்தில் உட்கார்ந்து இதையே வாங்கிக் குடிக்க முடியுமா? வேலையில் அடிபட்டால் அவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? அவர் மகள் வேறு வேலைக்குப் போக முடியுமா?

இந்த இரண்டு வரிசையிலும் நான் போட்ட மதிப்பெண்களைச் சொல்கிறேன். பெங்களூருவின் கோதுமை பீர்: நாக்குக்கு நான்கு. செய்தவரின் பெயர் பலகையில் இருந்தது, அதற்கும் நல்ல மதிப்பெண். ஆனால் மூட்டை சுமந்தவர், கிளாஸ் கழுவியவர் பெயர் இல்லை, ஆகவே மூன்று. இந்தியா பேல் ஏல்: எனக்குக் கசப்பு அதிகம், இரண்டரை. புளிப்பு பீர்: நாக்குக்கு நாலரை, நண்பர் போட்டது சரிதான். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கள்ளுக்கடையில் குடித்த பனங்கள்: நாக்குக்கு நான்கு. காலையில் இறக்கியது, கொஞ்சம் இளநீர் போல, பின்னால் மெல்லிய புளிப்பு. அங்கே கள் தொழிலாளர்களுக்கு 1969இலிருந்து நல நிதிச் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. இரண்டாம் வரிசையில் நான் அதிக மதிப்பெண் போட்டது அதற்குத்தான். ஐந்துக்கு மூன்றரை. ஒன்றரை ஏன் குறைந்தது என்றால், கடைக்குள் நானும் என் தோழியும் நுழைந்தபோது அத்தனை தலைகளும் திரும்பின. சாயல்குடிப் பதநீர்: நாக்குக்கு ஐந்து. இரண்டாம் வரிசையில் ஒன்று. அந்த ஒன்றும் அந்தப் பெரியவரின் கைக்கு, அரசுக்கு இல்லை.

சரி, என்னதான் கேட்கிறோம்? கள்ளுக்காக மட்டுமே ஒரு கோரிக்கையை நான் வைக்க மாட்டேன். பனையேறிமீது போடப்படும் மதுவிலக்கு வழக்குகள் நிற்க வேண்டும். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்புதான், அதைச் சாக்கிட்டு ஒரு மனிதனை எப்போது வேண்டுமானாலும் இழுத்துப்போகலாம் என்ற நிலை ஒழிய வேண்டும். கள்ளுக்கு அனுமதி வருமானால் உரிமம் தோப்புக்காரருக்கும் ஏலக்காரருக்கும் போகாமல் ஏறுகிறவர்களின் கூட்டுறவுக்குப் போக வேண்டும். அந்தக் கூட்டுறவில் காய்ச்சுகிற பெண்களும் உறுப்பினராக வேண்டும். கடை எங்கே, எத்தனை மணிவரை என்பதை முடிவு செய்வதில் அந்தந்தக் குடியிருப்புப் பெண்களின் சொல் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். விழுந்தவருக்கு வாழ்நாள் ஓய்வூதியம் வேண்டும். பனைமரத் தொழிலாளர் நல வாரியம் காகிதத்தில் இருந்தால் போதாது. 2021இல் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்த அரசு, ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்றது, லட்சக்கணக்கில் விதை நடச் சொன்னது. நல்லது. மரத்தைக் காப்பாற்றுகிற அக்கறையில் பாதி மரத்தில் இருப்பவனிடமும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற விரும்பாத பிள்ளைக்கு ஏறாமல் பிழைக்க வழி வேண்டும். எந்தச் சாதியில் பிறந்தவரும் கற்றுக்கொண்டு ஏறக்கூடிய, பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் சம்பளமும் உள்ள வேலையாக அது மாறும் அன்றைக்குத்தான் அதைக் கைவினை என்று நான் சொல்வேன்.

அரசு ஊழியர்களை மிரட்ட 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்பார்கள். அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம்தான். தண்ணீர் இல்லாத இந்தக் காட்டில் உப்புக்காற்றையும் வறட்சியையும் தாங்கி நிற்கிற மரம் பனை. ஆற்றுத் தண்ணீர் வராத ஊரில் அறுபதடி உயரத்திலிருந்து தினமும் தண்ணீர் இறக்கிக் கொடுத்தவர்களைத்தான் இந்தச் சமூகம் குற்றவாளி என்றது.

கடைசியாகச் சாயல்குடி போனபோது பெங்களூருக் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். ஆறு கிளாஸ், நட்சத்திரம், ஒரு கிளாஸின் விலை எல்லாம். விலையைக் கேட்டதும் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு பட்டையில் பதநீரை ஊற்றி என்னிடம் நீட்டினார். இன்னொரு பட்டை கட்டித் தனக்கும் ஊற்றிக்கொண்டு என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். இருவரும் குடித்தோம்.

'எத்தன மார்க்கு தாயி போடுவ?' என்று கேட்டார்.

ஐந்துக்கு ஐந்து என்றேன்.

'மார்க்கு இருக்கட்டும். நாளைக்கு ஸ்டேஷன்ல இருந்து வந்தா இந்த மார்க்கக் காட்டுனா விட்டுருவாங்களா?'

என்னிடம் பதில் இல்லை. அவர் பட்டையைத் தூர எறிந்துவிட்டு, தளைநாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.